மூன்று காட்டுப் பெர்ரி, மூன்று பை: எந்தப் பழம் ஓவனில் ஜெயிக்கிறது?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சியாட்டில் பக்கம் சைக்கிள் பாதை ஓரம், பள்ளிக்கூட வேலி, பழைய தண்டவாளம் என்று எங்கே திரும்பினாலும் பிளாக்பெர்ரி கறுத்துத் தொங்கும். இங்கே குடிவந்த புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு டப்பா நிறையப் பறித்து வந்து கழுவி, சர்க்கரை தூவி, இரண்டு மாவுத் தட்டுக்கு நடுவே வைத்து ஓவனில் தள்ளினேன். வந்தது பை அல்ல, ஊதா ரசம். ஆப்பிள் பை என்கிறோமே, அந்த வகைப் பைதான். வெட்டினால் துண்டாக நிற்க வேண்டும். அது நிற்கவில்லை.

அப்புறம் பத்து வருடமாக ஒவ்வொரு கோடையிலும் செய்கிறேன். இதற்குள் மூன்று காட்டுப் பழம் கைக்குப் பழகிவிட்டது. தெருவோரத்து ஹிமாலயன் பிளாக்பெர்ரி, காட்டில் தரையோடு படரும் உள்ளூர் பிளாக்பெர்ரி, மலை மேல் விளையும் ஹக்கிள்பெர்ரி. இந்த வருடம் மூன்றையும் பறித்து உறையவைத்து, செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மாவு, ஒரே மாதிரி தட்டு என்று மூன்று பை சுட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார்கள், பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை நாள். சுவைத்துத் தீர்ப்பு சொல்ல ஆள் இருந்தது.

மூன்றும் மூன்று விதமாக வந்தன. எந்த மாவு கெட்டிப்படுத்தும், எவ்வளவு சர்க்கரை, மேலே மூடலாமா பின்னலாமா என்பதெல்லாம் பழத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. சமையல் குறிப்புகளில் "ஆறு கப் பெர்ரி" என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பெர்ரி என்று கேட்காமல் அந்தக் குறிப்பை நம்பினால் என் முதல் பைக்கு நேர்ந்ததுதான் நேரும்.

தெருவோரத்து ராட்சசன்

ஹிமாலயன் பிளாக்பெர்ரிக்கும் இமயமலைக்கும் உறவே கிடையாது. கலிபோர்னியாவில் செடி வளர்ப்பில் பேர்பெற்ற லூதர் பர்பேங்க், இந்தியாவிலிருந்து வந்த விதையை முளைக்கவைத்து 1885-இல் 'ஹிமாலயா ஜயன்ட்' என்று பெயர் சூட்டி விற்றார். செடியின் பூர்வீகம் ஆர்மீனியாவும் வட ஈரானும். இப்போது அதன் அறிவியல் பெயரே ரூபஸ் ஆர்மேனியாகஸ். பெயரில் நடந்த பிழை நூற்றாண்டு தாண்டியும் மக்கள் வாயில் தங்கிவிட்டது.

பறவை தின்று விதைத்தது போதாதென்று, கொடி வளைந்து நுனி மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவி, வாஷிங்டன் மாநிலத்தின் களைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளூர்ச் செடிகளை முட்டித் தள்ளுகிற செடி. அதனால் இதன் பழத்தை எவ்வளவு பறித்தாலும் மனசு உறுத்தாது. ஒரு மணி நேரத்தில் ஒரு ஆள் ஒரு பைக்குத் தேவையான ஆறு கப் பறித்துவிடலாம்.

கட்டைவிரல் தடிமனுக்குக் கோணமான தண்டு, கொக்கி மாதிரி முள், ஐந்து ஐந்தாகச் சேர்ந்த இலை, இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். இவைதான் அடையாளம். பறிக்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். பளபளவென்று மின்னும் கறுப்புப் பழம் இன்னும் பழுக்கவில்லை, இழுத்தால்தான் வரும். பளபளப்பு மங்கி, விரல் பட்டதும் கையில் விழுகிற பழம்தான் இனிப்பு. பைக்கு நான் மங்கல் பழம் முக்கால், மின்னுகிற பழம் கால் என்று கலந்து எடுப்பேன். அந்தக் கால் பங்குப் புளிப்பு இல்லாவிட்டால் பை வெறும் சர்க்கரைப் பாகாகிவிடும்.

களைச்செடி என்பதாலேயே இதன் மேல் மருந்து அடிப்பார்கள். நெடுஞ்சாலை ஓரம், மின்கம்பி போகிற பாதை, இலை சுருண்டு பழுத்திருக்கிற புதர், இங்கெல்லாம் கைவைக்காதீர்கள்.

ஓவனில் இதன் குணம் என்ன? பழம் பெரிசு, சாறு ஏராளம், விதை தடியாகப் பல்லில் அரைபடும். வெறுமனே தின்னும்போது இருக்கிற இனிப்பு, வெந்ததும் கொஞ்சம் தட்டையாகிவிடுகிறது. நல்ல பழம்தான், ஆனால் நாம் பக்கத்தில் நின்று கைகொடுக்க வேண்டிய பழம்.

தரையில் படரும் சின்னவன்

இந்த மண்ணிலேயே பிறந்த பிளாக்பெர்ரி இது ஒன்றுதான். ரூபஸ் உர்சினஸ் என்பார்கள். மரம் வெட்டிய சரிவுகளிலும் காட்டுப்பாதை ஓரங்களிலும் தரையோடு தரையாக ஓடும், நடக்கும்போது காலை இடறும். பென்சிலை விட மெல்லிய தண்டு, அதன் மேல் திராட்சைப் பழத்தில் இருக்குமே, அதுபோல நீலச்சாம்பல் பூச்சு. இலை மூன்று மூன்றாக இருக்கும். ஜூலையிலேயே பழுத்துவிடும், ஹிமாலயன் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கும்.

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. எனக்கு அது தெரியாது. வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு சரிவு மே மாதம் முழுக்க வெள்ளைப் பூவாக இருந்தது. ஜூலையில் கூடையோடு போனால் ஒரு பழம் இல்லை. அடுத்த வருடமும் அதே பூ, அதே வெறுங்கை. அதற்கப்புறம்தான் ஆண் செடியின் பூவே பெரிசாக, அழகாக இருக்கும், அதில் காய் பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன். இப்போது மே மாதத்தில் பூவைக் கவிழ்த்து நடுவில் பார்க்கிறேன். இதழ் சின்னதாக, நடுவே பச்சைக் குமிழ் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்வேன்.

பழம் சுண்டுவிரல் நகத்தளவு. நானும் பெண்ணும் குனிந்து குனிந்து மூன்று மணி நேரம் பறித்தால் ஒரு பைக்குத் தேறும். முதுகு விட்டுப்போகும். ஆனால் அந்த மணம்! கூடையை வண்டியில் வைத்துக் கதவைச் சாத்தினால் வீடு வரும்வரை உள்ளே ரோஜாவும் எலுமிச்சைத் தோலும் கலந்தாற்போல ஒரு வாசனை. ஆரிகன் மாநிலத்தார் கொண்டாடுகிற மேரியன்பெர்ரியின் மணமே இந்தக் கொடியின் வம்சத்திலிருந்து வந்ததுதான். அது காட்டுப்பழம் அல்ல, ஆராய்ச்சித் தோட்டத்தில் இனக்கலப்பு செய்து 1956-இல் வெளியிட்டது. கடையில் மேரியன்பெர்ரி பை சாப்பிட்டு மயங்கியவர்களுக்கு மூதாதையைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

விதை சிறிசு. சாறு குறைவு, அதுவும் கெட்டியான சாறு. புளிப்பு தூக்கல்.

மலை மேல் ஹக்கிள்பெர்ரி

மலையில் நல்ல உயரத்துக்குப் போனால்தான் இது. கறுநீலமாக ப்ளூபெர்ரிக்குத் தம்பி போல இருக்கும். உள்ளே கடித்தால் ப்ளூபெர்ரியின் வெளிர்பச்சை இருக்காது, உள்ளேயும் கருஞ்சிவப்பு. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை காய்க்கும். பண்ணையில் வளர்க்க எவ்வளவோ முயன்றும் வணிக அளவில் கைகூடவில்லை. சந்தையில் வருவதெல்லாம் மலையில் யாரோ ஒவ்வொன்றாகக் கிள்ளிய பழம்தான்.

நாங்கள் போவது வாஷிங்டன் மாநிலத்தின் தெற்கே, ஆடம்ஸ் மலைக்குப் பக்கத்தில் இருக்கிற கிஃபர்ட் பின்ஷோ தேசியக் காட்டுக்கு. சொந்தத் தேவைக்குப் பறிக்க இலவச அனுமதிச் சீட்டு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு கேலன், வருடத்துக்கு மூன்று கேலன் வரை. ஒரு கேலன் என்பது கிட்டத்தட்ட 3.8 லிட்டர், இரண்டு பைக்கும் மேலேயே தாராளம். செடியைச் சேதப்படுத்தும் சீப்பு மாதிரிக் கருவிகளுக்கு இந்த மாநிலத்தில் தடை. கையால்தான் கிள்ள வேண்டும்.

அங்கே சாவ்டூத் பெர்ரி வயல் என்று ஓரிடம். சாலையின் ஒரு பக்கம் யாகமா முதலிய பழங்குடி மக்களுக்கு மட்டும். 1932-இல் யாகமா தலைவர் வில்லியம் யாலப்பும் காட்டு அதிகாரி ப்ரக்கார்ட்டும் கை குலுக்கிச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அந்த வருடங்களில் பஞ்சம் பிழைக்க ஆயிரக்கணக்கானோர் மலையேறிப் பறிக்க வந்தபோது, தலைமுறை தலைமுறையாகப் பறித்தவர்களுக்கே பழம் இல்லாமல் போகும் நிலை வந்தது. அவர்களுக்கு இது வெறும் பழம் அல்ல, முதல் பழத்துக்கு விருந்து வைத்து வணங்கிய பிறகுதான் பறிக்கவே தொடங்குவார்கள். பொங்கல் வைத்துவிட்டுப் புதுநெல்லைப் புழங்குகிறோமே, அந்த முறைமை எனக்கு உடனே புரிந்தது. புதரைத் தழைக்கவைக்க அவர்கள் காலாகாலமாகச் சின்னச் சின்னத் தீ வைத்து மரங்களை ஒதுக்கி வந்தார்கள். தீயே கூடாது என்று காட்டு இலாகா தடுத்த பிறகு மரம் மூடி, வெயில் குறைந்து, வயல் சுருங்கிவிட்டது. அதனால் பலகையைப் படித்துவிட்டு, நமக்கு விட்ட பக்கத்தில் மட்டும் பறிப்பது மரியாதை.

பறிக்கும்போது பழத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ப்ளூபெர்ரி, ஹக்கிள்பெர்ரி குடும்பத்துக்கெல்லாம் காம்புக்கு எதிர்முனையில் வட்டமாக ஒரு கிரீடத் தழும்பு இருக்கும். அது இல்லாத வழுவழுப் பழத்தைத் தொடாதீர்கள். அதே காட்டில் பேன்பெர்ரி என்று சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நச்சுப்பழம் காய்க்கிறது, பார்க்க மிகவும் அழகு. சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், குழந்தைகள் கூட வந்தால் இன்னும் கண்டிப்பாக. தாழ்வான காடுகளில் செத்த மரக்கட்டை மேல் முளைக்கிற சிவப்பு ஹக்கிள்பெர்ரியும் தின்னலாம், ஆனால் அதை ஒரு பைக்குச் சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொள்ள அது.

உள்ளே எது கெட்டிப்படுத்தும்?

பழத்துக்கு அடுத்து இதுதான் பெரிய கேள்வி. முன்னால் இருப்பவை மூன்று: மைதா, கார்ன்ஃப்ளார், ஜவ்வரிசி.

மைதா எல்லார் வீட்டிலும் இருக்கும். ஆனால் சாறு கலங்கிப்போய், ஊதா நிறம் சாம்பல் பூத்தது மாதிரி ஆகிவிடும். மாவு வாடையும் லேசாக நிற்கும். ஆப்பிளுக்குச் சரி, பெர்ரிக்கு நான் போடுவதில்லை.

கார்ன்ஃப்ளார் பரவாயில்லை. ஆனால் அது முழுசாக வேகக் கொதி நிலைக்குப் பக்கத்தில் போக வேண்டும். பையின் ஓரம் கொதிக்கும், நடு கொதிக்காது, நாம் மேலே பொன்னிறமாகிவிட்டதே என்று எடுத்துவிடுவோம். என் முதல் பை அப்படித்தான் ரசமானது. கார்ன்ஃப்ளார் போட்டிருந்தேன், அது வேகவே இல்லை. போதாக்குறைக்கு ஓவனிலிருந்து எடுத்து அரை மணியில் வெட்டினேன். இன்னொன்று, பழப்புளிப்போடு நீண்ட நேரம் கொதித்தால் அதன் பிடிப்பு தளரும். சுட்ட பையை உறையவைத்து எடுத்தாலும் தண்ணீர் விட்டுவிடும்.

இங்கே பாட்டிமார் காலத்திலிருந்து பெர்ரி பைக்குப் போடுவது 'டாபியோகா'. சின்னப் பெட்டியில், குருணையாக விற்பார்கள். சில வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டி தீர்ந்துபோய் நான் கடைக்குக் கிளம்பும்போது அம்மா அதை வாங்கி மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது நம்ம ஜவ்வரிசிதானே?" என்றார்கள். அதேதான். மரவள்ளிக் கிழங்கு மாவு. பாயசத்துக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த சேலம் ஜவ்வரிசி அலமாரியில் அரைக் கிலோ இருந்தது. அம்மா மிக்ஸியில் போட்டு இரண்டு சுற்று சுற்றி, மாச்சல்லடையில் சலித்து, மேலே நின்ற குருணையை மறுபடி ஓட்டினார்கள். சலித்த மாவு விரலில் டால்கம் பவுடர் மாதிரி வழுக்கியது. அன்றிலிருந்து என் வீட்டில் அந்தப் பெட்டி வாங்குவதில்லை.

ஜவ்வரிசி மாவு குறைந்த சூட்டிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். சாறு கண்ணாடி போலத் தெளிவாக, பழத்தின் நிறம் அப்படியே தெரியும். தனிச் சுவை கிடையாது. உறையவைத்தாலும் தண்ணீர் விடாது. ஒரே நிபந்தனை, மணியாகப் போடக் கூடாது, பையில் தவளைக் கண் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும். அரைத்த மாவையும் பழம், சர்க்கரையோடு பிசறி இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டு சாறு படாமல் காய்ந்த மாவு பல்லில் நறநறக்கும், ஆகவே மாவில் கொட்டும் முன் ஒரு தடவை கிளறிவிடுங்கள். அளவு கூடினால் கொழகொழவென்று இழுக்கும். இந்த வரிசையில் ஜவ்வரிசிக்குத்தான் என் ஓட்டு, தயக்கமே இல்லை.

ஆறு கப் பழத்துக்கு ஹிமாலயனுக்கு ஐந்து மேசைக்கரண்டி, சின்ன பிளாக்பெர்ரிக்கு நாலு, ஹக்கிள்பெர்ரிக்கு மூன்று. ஹக்கிள்பெர்ரியின் தோல் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதற்கு அவ்வளவு போதும். ஹிமாலயனுக்கு நான் ஒரு பச்சை ஆப்பிளையும் துருவி, பிழிந்து சேர்ப்பேன். ஆப்பிளின் பெக்டின், அதாவது ஜாமைக் கெட்டியாக்குகிற பழச்சத்து, சாற்றைப் பிடிக்கும், ஆப்பிள் இருப்பது வாய்க்குத் தெரியாது.

மாவுக்கு வெண்ணெயா, ஷார்ட்டனிங்கா, நெய்யா?

நெய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். போட்டுப் பார்த்தேன். மணம் அபாரம், ஆனால் நான்கட்டாய் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது, அடுக்கு வரவில்லை. காரணம் எளிது. வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, அமெரிக்க வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மீதி பெரும்பாலும் தண்ணீர். சில்லென்ற வெண்ணெய்த் துண்டு மாவுக்கு நடுவே தட்டையாகக் கிடந்து, ஓவன் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை மேலே தூக்கும். அதுதான் அடுக்கு. நெய்யில் தண்ணீரே இல்லை, அறைச்சூட்டில் இளகி மாவுக்குள் கலந்தும் விடுகிறது.

ஷார்ட்டனிங் என்பது நம் வனஸ்பதி ஜாதி. முழுக்கக் கொழுப்பு, லேசில் உருகாது, அதனால் விளிம்பில் பிடித்த மடிப்பும் பின்னலும் கலையாமல் வரும். மெத்தென்று இருக்கும். சுவை ஒன்றுமில்லை, அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். இங்கே பழைய ஆட்கள் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள், அடுக்கு பிரமாதமாக வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. பாதி வெண்ணெய் பாதி ஷார்ட்டனிங் என்றும் ஒரு கட்சி உண்டு.

காட்டுப்பழத்துக்கு நான் முழு வெண்ணெய்தான். மூன்று மணி நேரம் குனிந்து பறித்த பழத்தை வாசனையில்லாத மாவில் மூட எனக்கு மனசு வராது. 320 கிராம் மைதா, 225 கிராம் உப்பில்லாத வெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஐஸ் தண்ணீர் ஆறிலிருந்து எட்டு மேசைக்கரண்டி. இரண்டு தட்டுக்கும் சேர்த்து இந்த அளவு. வெண்ணெய் பட்டாணி அளவிலும் பாதாம் அளவிலும் துண்டு துண்டாக நிற்க வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையும் பழக்கம் கைக்கு வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போலச் சேர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாகப் பிரித்து, தட்டி, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். தேய்க்கும்போது மாவில் மஞ்சள் திட்டுத் திட்டாக வெண்ணெய் தெரிந்தால் அடுக்கு வரும் என்று அர்த்தம்.

மூடியும் தட்டும்

சாறு அதிகமுள்ள ஹிமாலயனுக்குப் பின்னல் மூடி. ஆவி வெளியேறிச் சாறு சுண்டும். ஹக்கிள்பெர்ரிக்கு முழு மூடி, நடுவில் நாலு கீறல். அதற்குச் சாறு சுண்டினால் நட்டம். சின்ன பிளாக்பெர்ரிக்கு எதுவானாலும் சரி, நான் பின்னல் போட்டேன், அந்த நிறம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக.

தட்டு 9 அங்குலம். உலோகத் தட்டு சீக்கிரம் சூடேறி அடிமாவை மொறுமொறுப்பாக்கும், பீங்கான் மெதுவாக. கண்ணாடியில் அடி சிவந்ததா என்று தூக்கிப் பார்க்கலாம் என்பதால் முதல்முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை அப்படியே சூட்டில் வைக்க மட்டும் வேண்டாம், வெடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு பேக்கிங் ட்ரேயைக் காயவைத்து, அதன் மேல் பையை வைத்தேன். 220 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம், அப்புறம் 190-க்குக் குறைத்து இன்னும் நாற்பது, உறைந்த பழம் என்பதால் மேலும் பத்து நிமிடம். உறைந்த பழத்தை இளகவிட்டால் சாறு முழுக்க வடிந்து நிற்கும், அதனால் ஊறும் இருபது நிமிடம் போதும் என்று அப்படியே கொட்டினேன். நிறம் பார்த்து எடுக்காதீர்கள். நடுவில் குமிழ் பாகு மாதிரி கனமாக, மெதுவாக உடைய வேண்டும். மேலே கருகுகிற மாதிரித் தெரிந்தால் அலுமினியத் தாள் ஒன்றை மேலே போர்த்திவிட்டுக் காத்திருங்கள்.

ஹிமாலயன் பைக்குப் பழத்தில் பாதியை முன்கூட்டியே லேசாகச் சூடாக்கி, சல்லடையில் தேய்த்து விதையை எடுத்திருந்தேன். எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை 150 கிராம். சின்ன பிளாக்பெர்ரிக்கு விதை எடுக்கவில்லை, அதன் புளிப்புக்குச் சர்க்கரை 180 கிராம் பிடித்தது, எலுமிச்சை ஒரு சொட்டு கூட இல்லை. ஹக்கிள்பெர்ரிக்கு 130 கிராம், எலுமிச்சை ஒரு மேசைக்கரண்டி. அதில் ஒரு கப்பை மட்டும் கரண்டியால் நசுக்கினேன், இல்லாவிட்டால் தோல் சாற்றை விடாமல் பிடித்துக்கொண்டு மாவு காய்ந்துபோகும்.

நாலு மணி நேரம் ஆறவிட்டோம். இதைக் குறைக்கவே முடியாது, ஜவ்வரிசிப் பிடிப்பு ஆறிய பிறகுதான் முழுசாக வரும். பெண் சமையலறைப் பக்கம் நாலு தடவை வந்து "பாட்டி, ஆறிடுச்சா பாருங்க" என்று அவர்களைத் தூது விட்டாள்.

வெட்டியபோது ஹக்கிள்பெர்ரி பை கத்தி வைத்த இடத்தில் சுவர் மாதிரி நேராக நின்றது. ஹிமாலயன் கொஞ்சம் சரிந்தது, ஆனால் ஓடவில்லை. சின்ன பிளாக்பெர்ரி இரண்டுக்கும் நடுவில், ஓரத்தில் மட்டும் பாகு மெதுவாக இறங்கி நின்றது. என் கண்ணுக்கு ஒரு பைத் துண்டு இப்படித்தான் இருக்க வேண்டும்.

சுவையில் ஹக்கிள்பெர்ரி ஆழம். ஒயின், மண், காரமில்லாத மிளகு வாசனை எல்லாம் வரும், நிறைய சாப்பிட முடியாது. பெண் அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்தாள். அம்மா ஹிமாலயன் துண்டைச் சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஜாம் மாதிரி" என்றார்கள், அது சரியான வார்த்தை. அடுத்ததை வாயில் வைத்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுல என்ன எசன்ஸ் விட்டே?" என்று கேட்டார்கள். ஒன்றுமே விடவில்லை. சின்ன பிளாக்பெர்ரியும் சர்க்கரையும் ஜவ்வரிசியும் உப்பும் மட்டும். மற்ற இரண்டும் வெந்த பிறகு பச்சைப் பழத்தை விடக் கொஞ்சம் குறைந்துபோகின்றன. இது ஒன்றுதான் வெந்த பிறகு மணம் கூடுகிறது, அந்தப் புளிப்பு வெண்ணெய்க்கு ஈடுகொடுத்து நிற்கிறது. எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

ஆனாலும் முதல்முறை செய்யப்போகிறவர் என்னைக் கேட்டால் ஹிமாலயன் பிளாக்பெர்ரியில் ஆரம்பியுங்கள் என்பேன். பழம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், பாழானாலும் மறுநாளே இன்னொரு டப்பா பறித்துக்கொள்ளலாம். கை பழகிய பிறகு ஜூலையில் காட்டுச் சரிவுக்குப் போங்கள். ஹக்கிள்பெர்ரியை நான் வருடத்துக்கு ஒரு பையோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதியைப் பச்சையாகவே தயிரில் போட்டுச் சாப்பிடுகிறோம். சுட்டால் அதற்குக் கூடுவது குறைவு, மலையில் கரடிக்கும் அந்தப் பழங்குடி மக்களுக்கும் வேண்டிய பழம் அது.

அம்மா அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பினார்கள். ஃப்ரீசரில் சின்ன பிளாக்பெர்ரி இரண்டு கப் மிச்சம் இருக்கிறது, ஒரு பைக்கு இன்னும் நாலு கப் வேண்டும். மே மாதம் பெண் பூ தேடி ஒரு புதுச் சரிவைக் குறித்துவைத்திருக்கிறேன்.